இருட்டுக்குப் பயந்த சிறுமலர்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புயலடித்த கடலில், படகின் பின்பகுதியில் ஆண்டவர் தூங்கிக்கொண்டிருந்த நிகழ்ச்சிதான் அன்றைய நற்செய்தி. மறையுரையில் நாம் சற்று உற்சாகமாகவே பேசிவிட்டோம். விசுவாசம் உள்ள நெஞ்சில் பயத்துக்கு இடமில்லை, பயப்படுகிறவர் ஆண்டவரை முழுமையாக நம்பாதவர் என்கிற தோரணையில் முழங்கிவிட்டு இறங்கினோம். திருப்பலி முடிந்து திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு வயதான தாய் வாசலில் தயங்கியபடி நின்றார். கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. பிள்ளைகள் வெளியூரில். இரவில் தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது, விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறேன், இது விசுவாசக் குறைவு என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கிளைக் கிராமத்தில் அடுத்த திருப்பலிக்கு மக்கள் காத்திருந்தார்கள். ஏதோ இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி வண்டியில் நம் கூடவே வந்தது.

அன்று நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரு புனிதையின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் நமக்குப் புதியவர் அல்ல. பழுப்பு உடையும் வெண்ணிற மேலங்கியும் அணிந்து, பாடுபட்ட சிலுவையையும் ரோசாப் பூக்களையும் மார்போடு அணைத்தபடி நம் ஆலயங்கள் பலவற்றில் நிற்கிறார். அவர் பெயரில் நம்மிடையே பள்ளிகள் உண்டு. அவர் பெயர் தாங்கிய பெண்கள் நம் வீடுகளில் உண்டு. லிசியே நகரின் புனித குழந்தை தெரேசாவைத்தான் சொல்கிறோம். சுரூபம் செய்கிறவர்கள் அந்த முகத்தில் இனிமையைச் சற்று அதிகமாகவே பூசிவிட்டார்கள் என்பது நம் எண்ணம். பார்த்தால், பயம் என்றால் என்னவென்றே அறியாதவர் போலத் தோன்றும். உண்மை வேறு. 24 வயதில் முடிந்துபோன அந்த வாழ்க்கையை, அவருக்கிருந்த பயங்களின் வழியாகவே சொல்லிவிட முடியும்.

1873 சனவரி 2ஆம் நாள் பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் தெரேசா பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி, அந்த ஊருக்கே புகழ் சேர்த்த லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். பிறந்த ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள். எஞ்சிய ஐந்து பெண்களில் கடைக்குட்டி இவர். பிறந்த சில வாரங்களிலேயே பிழைப்பது கடினம் என்ற நிலை. எனவே பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருவரிடம் பால் குடித்து வளர ஓராண்டுக்கு மேல் விடப்பட்டார். அந்தத் தாயோடு ஒட்டிக்கொண்ட பிறகு, அவரையும் பிரிந்து வீடு திரும்ப வேண்டியிருந்தது. 1877 ஆகஸ்டு 28ஆம் நாள் பெற்ற தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அப்போது தெரேசாவுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அதுவரை துறுதுறுவென்று, பிடிவாதமும் சிரிப்புமாக இருந்த குழந்தை, அந்த நாளிலிருந்து கூச்ச சுபாவமுள்ளவராக, எதற்கெடுத்தாலும் அழுகிறவராக மாறிப்போனதை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார்.

அதே ஆண்டு நவம்பரில் குடும்பம் தாய்மாமன் வாழ்ந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாவது அக்காள் பவுலினைத் தன் புதிய அம்மாவாகத் தெரேசா தேர்ந்துகொண்டார். பவுலினுக்கு அப்போது 16 வயதுதான். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஒரு காரியம் தெரிந்திருந்தது. தங்கை இருட்டுக்குப் பயப்படுகிறார் என்று கண்டதும், மாலை மங்கிய பிறகு வீட்டின் கடைசி அறையிலிருந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்துவரத் தனியே அனுப்புவார். சாக்குப்போக்கு எதுவும் செல்லாது. அப்படிப் பழக்கியிராவிட்டால் தான் பெரிய பயந்தாங்கொள்ளியாக வளர்ந்திருப்போம் என்று தெரேசா பிற்காலத்தில் நன்றியோடு நினைத்துக்கொண்டார். நம் வீடுகளிலோ பூச்சாண்டியைக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறோம். மறைக்கல்வி வகுப்பில்கூடப் பிள்ளைகளை அமைதிப்படுத்த நரகம் கைகொடுக்கிறது. பிறகு வளர்ந்தவர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று மறையுரையில் கோபித்துக்கொள்கிறோம்.

இருட்டறைக்குப் பயந்த அதே சிறுமி, இன்னொரு நாள் பயப்படவே இல்லை. தந்தை மீன்பிடிக்கப் போகும்போது தெரேசாவையும் அழைத்துச் செல்வார். ஒருநாள் வெட்டவெளியில் இருக்கும்போது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. பக்கத்து வயலில் மின்னல் இறங்குவதைத் தெரேசா கண்ணால் பார்த்தார். நடுங்கவில்லை. எதையும் தவறவிடக் கூடாது என்று இப்புறமும் அப்புறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடவுள் மிக அருகில் வந்துவிட்டது போன்ற மகிழ்ச்சி. கவலை அப்பாவுக்குத்தான். வீடு போய்ச் சேர இன்னும் பல வயல்களைக் கடக்க வேண்டும். புல்லும் பூச்செடிகளும் சிறுமியைவிட உயரமாக வளர்ந்து, மழைநீரில் சொட்டச் சொட்ட நின்றன. தூண்டில் கருவிகளோடு மகளையும் தூக்கி முதுகில் சுமந்துகொண்டு அவர் நடந்தார். தெரேசாவின் ஆன்மீகத்தைப் பற்றித் தடித்தடியான நூல்கள் இருக்கின்றன. நமக்கென்னவோ, நனைந்த வயலில் அப்பாவின் முதுகில் இருந்தபடி மின்னலைப் பார்த்த அந்தச் சிறுமியை மறக்காமல் இருந்தால் அந்த நூல்களில் பாதி புரிந்துவிடும் என்று தோன்றுகிறது.

ஆனால் அந்த அப்பாவைப் பற்றியே ஒரு பயம் வந்து சேர்ந்தது. ஆறேழு வயதிருக்கும். தந்தை வெளியூர் போயிருந்தார். பட்டப்பகல். மாடிச் சன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தெரேசா, அப்பாவைப் போலவே உடையணிந்த ஒருவர், முதுகு கூனி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு நடந்துபோவதைக் கண்டார். அப்பா, அப்பா என்று அலறினார். அக்காள்கள் ஓடிவந்தார்கள். வேலைக்காரப் பெண் விளையாட்டுக்கு அப்படிச் செய்திருப்பாரோ என்று விசாரித்தார்கள். அவர் சமையலறையை விட்டு நகரவே இல்லை. தோட்டம் முழுவதும் தேடினார்கள். யாரும் இல்லை. அதை மறந்துவிடும்படி சொன்னார்கள். எப்படி மறப்பார்? அது என்னவென்று விளங்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1882 அக்டோபரில் பவுலின் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தார். ஒன்பது வயதுத் தெரேசா இரண்டாம் முறையாகத் தாயை இழந்தார். அடுத்த ஆண்டு பாஸ்கா காலத்தில் இனம்புரியாத ஒரு நோய் பிடித்தது. உடல் நடுங்கியது. சுவரில் அடித்திருந்த ஆணிகள் கருகிய விரல்களாகத் தெரிந்தன. கட்டிலருகே அமர்ந்திருந்த தந்தையின் கையிலிருந்த தொப்பிகூடப் பயங்கர உருவமாக மாறித் தெரிய, சிறுமி வீரிட்டார். மருத்துவத்தால் முடியவில்லை. 1883 மே 13, தூய ஆவியார் பெருவிழா. அக்காள்கள் படுக்கையருகே இருந்த அன்னை மரியாவின் சுரூபத்தின் முன் முழந்தாள்படியிட்டு அழுது செபித்தார்கள். தெரேசாவும் அன்னையை நோக்கித் திரும்பினார். அன்னை தம்மைப் பார்த்துப் புன்னகைப்பதைக் கண்டார். நோய் நீங்கியது.

நாம் வழக்கமாக இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறோம். நவநாள் மறையுரைக்கு இது போதும். ஆனால் நடந்தது என்ன? கார்மேல் மடத்துச் சகோதரிகள் ஆவலோடு துருவித் துருவிக் கேட்கக் கேட்க, தான் பொய் சொல்லிவிட்டோமோ என்ற சந்தேகம் சிறுமிக்கு வந்துவிட்டது. நோயே தானாக வரவழைத்துக்கொண்டதுதானோ என்ற அச்சமும் சேர்ந்தது. அன்னையின் புன்னகை பற்றிய சந்தேகம் தீர நான்கு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நோய் பற்றிய அச்சம் தீர இன்னும் கொஞ்சம் கூடுதலாயிற்று. ஆக, அருங்குறி நடந்த வீட்டிலும் பயம் குடியிருந்தது. குணமளிக்கும் செபக்கூட்டத்துக்குப் போய்வந்த பிறகும் நெஞ்சு படபடக்கிறதே என்று கூனிக் குறுகும் நம் சகோதர சகோதரிகள் இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

புதுநன்மை வாங்கிய மறு ஆண்டு, 1885 மே மாதத் தியானத்தின்போது இன்னொன்று தொடங்கியது. எதை நினைத்தாலும் பாவமோ, எதைச் செய்தாலும் கடவுளுக்கு வருத்தமோ என்று மனதை அரிக்கிற வேதனை. ஒன்றரை ஆண்டு நீடித்தது. ஒவ்வொரு நாளும் மூத்த அக்காள் மேரி தலைவாரிச் சுருள் போடும்போது, மனதில் ஓடிய எல்லாவற்றையும் தெரேசா அழுதுகொண்டே அவரிடம் ஒப்பிப்பார். சொன்னதும் சற்று நிம்மதி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஆரம்பம்.

இது அந்தச் சிறுமியின் பலவீனம் மட்டுமல்ல. அன்றைய பிரான்சுத் திருச்சபையின் காற்றிலேயே அந்த நோய் கலந்திருந்தது. குருமடத்தில் நாம் படித்தபோது யான்சேனியம் என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஒரு தலைப்பு. கடவுளைக் கண்டிப்பான நீதிபதியாகவே காட்டி, நற்கருணைக்கு அருகில் போகவே மனிதரை நடுங்க வைத்த போக்கு அது. திருச்சபை அதைக் கண்டித்து நூறாண்டுகளுக்கு மேலான பிறகும் அதன் நிழல் விலகவில்லை. மடத்துச் சகோதரிகள்கூட விரும்பிய நாளெல்லாம் நற்கருணை வாங்க முடியாது. அனுமதி பெற வேண்டும். அடிக்கடி நற்கருணை வாங்கும்படி திருத்தந்தை பத்தாம் பயஸ் ஊக்குவித்தது 1905ஆம் ஆண்டில்தான். அதற்குள் தெரேசா இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1886 அக்டோபரில் மேரியும் மடத்துக்குப் போய்விட்டார். இனி மனதைத் திறக்க ஆள் இல்லை. அப்போது தெரேசா ஒரு வேலை செய்தார். தனக்கு முன்பே இறந்துபோன நான்கு சகோதர சகோதரிகளை நினைத்தார். நான் உங்கள் கடைசித் தங்கை, இங்கே இருந்திருந்தால் மற்றவர்களைப் போல நீங்களும் என்னைச் செல்லமாக வைத்திருப்பீர்களே என்ற உரிமையோடு, தனக்காக மன்றாடும்படி அவர்களிடம் பேசினார். விரைவிலேயே அமைதி வந்தது. புனிதர்களின் சமூக உறவு என்று நம்பிக்கை அறிக்கையில் ஞாயிறுதோறும் ஒப்புவிக்கிறோமே, அதை ஒரு 13 வயதுச் சிறுமி தன் வீட்டுக் காரியமாகவே எடுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில் தொட்டாற்சிணுங்கி சுபாவம் அவரை விட்டு அகன்றது, மறு ஆண்டு நவம்பரில் உரோமை சென்று திருத்தந்தை 13ஆம் லியோவிடமே மடத்தில் சேர அனுமதி கேட்டது, 1888 ஏப்ரல் 9ஆம் நாள் 15 வயதில் கார்மேல் மடத்துக்குள் நுழைந்தது எல்லாம் நம்மில் பலருக்குத் தெரிந்த கதை.

மடத்துக் கதவு மூடினால் பயமும் வெளியே நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. சிலந்தி என்றால் அவருக்கு ஆகாது. மாடிப்படிக்குக் கீழே சிலந்தி குடியிருக்கும் மூலையைச் சுத்தம் செய்வது அவருக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று. ஒட்டடை ஒன்று விட்டுப்போனதற்கு எல்லார் முன்னிலையிலும் மடத்தலைவியிடம் பேச்சு வாங்கியதும் உண்டு. குளிர் எலும்பைத் துளைத்தது. நிரந்தர வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முந்திய இரவு, 1890 செப்டம்பர் 7ஆம் நாள், பெரிய பயம் ஒன்று வந்தது. தனக்கு அழைத்தலே இல்லை, எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று மனம் அடித்துச் சொன்னது. வெளியில் சொன்னால் நாளைய சடங்கே நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. ஆனாலும் நவதுறவியருக்குப் பொறுப்பான சகோதரியை அழைத்து, வெட்கத்தோடு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அந்தப் பயம் இருந்த இடம் தெரியவில்லை. பிறகு மடத்தலைவியிடமும் சொன்னார். அவர் சிரித்துவிட்டார். திருமணத்துக்கு முந்திய நாள், குருப்பட்டத்துக்கு முந்திய இரவு இப்படி நடுங்கியவர்களை நாம் அறிவோம். நம்மையும் சேர்த்துத்தான். நெஞ்சுக்குள் யானையாக நிற்பது, வாய்விட்டுச் சொன்னதும் பூனையாகிவிடுகிறது.

எல்லாப் பயமும் அப்படிப் பூனையாகிவிடுவதில்லை. தெரேசா மடத்தில் சேர்ந்து இரண்டு மாதங்களில், 1888 சூனில், தந்தை திடீரென்று வீட்டை விட்டுக் காணாமல் போனார். சில நாள்களுக்குப் பிறகு லே ஆவர் துறைமுக நகரில் கண்டுபிடித்தார்கள். மூளையைத் தாக்கிய நோய். 1889 பிப்ரவரி 12ஆம் நாள் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். செல்ல மகள் மடத்துக்குப் போனதால்தான் இவருக்கு இந்தக் கதி என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சு மடத்துக்குள்ளும் எட்டியது. நோயின்போது அந்தத் தந்தை தம் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். அப்போதுதான், மாடிச் சன்னலிலிருந்து சிறுவயதில் கண்ட காட்சி என்னவென்று மகள்களுக்கு விளங்கியது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். எதை நினைத்து அந்தச் சிறுமி பயந்தாரோ, அது நடந்தேவிட்டது. கடவுள் தடுக்கவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார், ஒன்றும் நடக்காது என்று நாம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! மருத்துவ அறிக்கை கையில் வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம். தெரேசாவின் வீட்டில் நடந்தது. மின்னலடித்த வயலில் அவரைச் சுமந்து வந்த முதுகே கூனிப்போனது. மகளால் மடத்தைவிட்டு வெளியே போய்ப் பார்க்கவும் முடியாது. 1892 மே மாதம் வீடு திரும்பிய தந்தையால் நடக்க முடியவில்லை. 1894 சூலை 29ஆம் நாள் அவர் இறந்தார். அந்த ஆண்டுகளில் தெரேசா ஆண்டவரின் பாடுகளில் அடிபட்டு உருக்குலைந்த திருமுகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூடப்பட்ட தந்தையின் முகமும் அந்த முகமும் அவருக்கு வேறு வேறாகத் தெரியவில்லை. மனநோயாளி இருக்கும் வீட்டுக்கு நம் பங்குகளில் இன்னும் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள். வீட்டாரும் நோயாளியைப் பின்கட்டில் மறைக்கிறார்கள். மனநோய் மருத்துவமனையில் மூன்று ஆண்டு இருந்த லூயி மார்ட்டினையும் அவருடைய மனைவி செலியையும் 2015 அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக அறிவித்தார் என்பதை அந்த வீட்டாருக்கு யாராவது சொல்லவேண்டும்.

தந்தை மருத்துவமனையில் இருந்த காலத்தில், 1891 அக்டோபரில், அலெக்சிஸ் புரு என்ற பிரான்சிஸ்கன் சபைக் குரு மடத்துக்குத் தியானம் கொடுக்க வந்தார். பெரும் பாவிகளை மனம் திருப்புவதில் பெயர் பெற்றவர். மடத்துச் சகோதரிகளுக்கு இவர் ஒத்துவருவாரா என்று சந்தேகித்தார்கள். ஆனால் அவரிடம் ஒப்புரவுக்குப் போன தெரேசா, தன் குறைகள் கடவுளை வருத்தப்படுத்துவதில்லை என்று கேட்டு ஆனந்தத்தில் திளைத்தார். அப்படி ஒருவர் சொல்லி அவர் அதுவரை கேட்டதே இல்லை. பாய்மரம் விரித்த படகுபோல அன்றிலிருந்து நம்பிக்கைக் கடலில் ஓடத் தொடங்கினார். ஒப்புரவுத் தொட்டியில் அமர்கிற நாம் ஒரு வாக்கியத்தால் ஓர் ஆன்மாவை இறக்கையும் கட்டலாம், சிறகொடிக்கவும் செய்யலாம்.

அதன்பிறகு அவரிடம் ஒரு துணிச்சல் தெரிகிறது. தியான வேளையிலும் நற்கருணைக்குப் பிந்திய நன்றிச் செபத்திலும் அவர் தூங்கிவிடுவார். ஏழு ஆண்டுகளாக அப்படித்தான். அதற்காக மனம் உடைந்துபோகவில்லை. விழித்திருக்கும் குழந்தையைப் போலவே தூங்கும் குழந்தையும் பெற்றோருக்குப் பிரியம்தானே என்று எடுத்துக்கொண்டார். அக்காள் செலின் 1894இல் மடத்தில் சேர்ந்தபோது பழைய ஏற்பாட்டு வசனங்களை எழுதிய குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் நீதிமொழிகள் 9ஆம் அதிகாரத்தில் சிறியோருக்கு விடுக்கப்படும் அழைப்பையும், எசாயா 66ஆம் அதிகாரத்தில் தாயைப் போலத் தேற்றும் கடவுளையும் தெரேசா கண்டுகொண்டார். அப்போது பணக்கார வீடுகளில் லிப்ட் வந்திருந்தது. புனிதத்தின் செங்குத்தான படிகளில் ஏறத் தன்னால் ஆகாது, இயேசுவின் கைகளே தன்னைத் தூக்கிச் செல்லும் லிப்ட் என்று முடிவு செய்தார். மீண்டும் அதே முதுகு, அதே வயல். அன்றைய பக்தியுள்ள ஆன்மாக்கள் சிலர் கடவுளின் நீதிக்குத் தங்களைப் பலியாக ஒப்புக்கொடுத்தபோது, இவர் 1895 சூன் 9, மூவொரு கடவுள் பெருவிழாவன்று, கடவுளின் இரக்கமுள்ள அன்புக்குத் தம்மைக் கையளித்தார்.

1896ஆம் ஆண்டுப் பெரிய வியாழன் இரவு. ஆலயத்தில் நள்ளிரவு வரை விழித்திருந்துவிட்டு அறைக்கு வந்து படுத்தார். ஏதோ ஒன்று பொங்கி வாய்வரை வந்தது. கைக்குட்டையால் துடைத்தார். விளக்கை அப்போதுதான் அணைத்திருந்தார். ஏற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. காலை வரை காத்திருக்கலாம் என்று தூங்கிவிட்டார். பெரிய வெள்ளி விடிந்ததும் சன்னலருகே போய்ப் பார்த்தார். இரத்தம். காசநோய். அழைப்பு வந்துவிட்டது என்று அவருக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. இருட்டறைக்குப் பயந்த சிறுமி, சாவு வந்து கதவைத் தட்டிய இரவில் விளக்கை ஏற்றாமலேயே தூங்கினார்.

இத்தோடு நிறுத்தினால் நம் மறையுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் அடுத்த சில நாள்களில், உயிர்ப்புக் காலத்திலேயே, வேறோர் இருட்டு வந்தது. விண்ணகம் என்ற நினைப்பே வேதனையாயிற்று. அப்பால் ஒன்றுமில்லை என்ற குரல் உள்ளே கேலி செய்தது. இது சாகும்வரை, ஒன்றரை ஆண்டு, விலகவில்லை. யாரிடம் சொல்லியும் விலகவில்லை. அவர் நம்பிக்கை அறிக்கையைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதுவரை வாழ்ந்த காலம் முழுவதிலும் சொன்னதைவிட அந்த ஓராண்டில் விசுவாச முயற்சிகளை அதிகமாகச் சொன்னார். பயத்தோடு வாதாடவில்லை. பயம் வரும்போதெல்லாம் இயேசுவிடம் ஓடினார். அவ்வளவுதான் தன்னால் முடிந்தது என்றார்.

1897 சூலை 8ஆம் நாள் மடத்தின் நோயாளர் அறைக்கு மாற்றினார்கள். பத்து வயதில் தன்னைப் பார்த்துப் புன்னகைத்த அதே அன்னையின் சுரூபத்தைக் கட்டிலுக்கு எதிரே வைத்தார்கள். மடத்தலைவியின் சொல்லுக்குப் பணிந்து எழுதிவந்த வாழ்க்கைக் குறிப்பின் கடைசிப் பக்கங்களை, பேனா பிடிக்க வலுவில்லாமல் பென்சிலால் எழுதினார். உலகத்துப் பாவங்கள் எல்லாவற்றையும் தான் செய்திருந்தாலும் இயேசுவின் கைகளில் போய் விழத் தயங்கமாட்டேன் என்ற கருத்தை எழுதினார். நம்பிக்கை, அன்பு என்ற சொற்களோடு பென்சில் நின்றுவிட்டது.

பிறகு வந்த வாரங்கள் கொடுமையானவை. மூச்சு முட்டியது. நோய் குடல்வரை பரவியது. கடும் வேதனையில் இருப்பவர்கள் அருகே நச்சு மருந்துகளை வைத்துவிட்டுப் போகாதீர்கள், வலி மிஞ்சும்போது மனிதர் எதையும் செய்துவிடக்கூடும் என்று கவனித்துக்கொண்டவர்களை எச்சரித்தார். எப்படிச் சாவது என்று தனக்குத் தெரியவில்லையே என்றும் சொன்னார். புனிதை சொல்லக்கூடிய பேச்சா இது என்று தோன்றலாம். ஆனால் சொன்னார். ஓர் இரவு, தீயசக்தி ஒன்று பக்கத்தில் நிற்பதை உணர்வதாகச் சொல்லிப் படுக்கையில் தீர்த்தம் தெளிக்கக் கேட்டார். மந்திரித்த மெழுகுதிரி ஒன்றையும் ஏற்றினார்கள். அதன்பிறகே அமைதி வந்தது. செப்டம்பர் 30, வியாழக்கிழமை மாலை ஏழு மணி கடந்து அவர் உயிர் பிரிந்தது.

மறு ஆண்டு அதே நாளில் அவருடைய குறிப்புகள் நூலாக 2,000 படிகள் அச்சாயின. 1925இல் புனிதர் பட்டம். 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர் பட்டம். 2023 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ், தெரேசாவின் நம்பிக்கை வழியைப் பற்றியே தனியாக ஒரு திருத்தூது ஊக்கவுரை வெளியிட்டார்.

அந்த மெழுகுதிரிச் செய்தியை மறுபடி வாசித்த வாரம் நமக்கு அந்தத் தாயின் நினைவு வந்தது. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் முதல் வெள்ளியன்று அவர் வீட்டுக்கும் போனோம். பயம் பாவமில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதும் இல்லை என்றோம். அன்றைய நம் மறையுரைக்கு வருத்தம் தெரிவித்தோம். 24 வயதுப் புனிதைக்கும் ஓர் இரவு விளக்கு தேவைப்பட்டது என்று சொன்னோம். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டார். கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அந்தச் சாமியாரம்மாவுக்குத் திரி ஏற்றிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருந்தார்கள் அல்லவா என்று கேட்டார்.

நம்மிடம் பதில் இல்லை. பவுலின், மேரி, நவதுறவியர் பொறுப்பாளர், அந்தத் தியானக் குரு, விண்ணகத்து உடன்பிறப்புகள் நால்வர் என்று வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அந்த ஞாயிறு அன்பியக் கூட்டத்தில் விசயத்தைச் சொன்னோம். பக்கத்துத் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருந்தாள். வீட்டில் சத்தம், படிக்க இடமில்லை. அன்றிரவே பாடப் புத்தகங்களையும் ஒரு போர்வையையும் தூக்கிக்கொண்டு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டில் விளக்கு பதினொரு மணிவரை எரிந்தது. படிப்பதற்காக.